விதைக்கு வேலி இல்லை
(படிப்பு வட்டப் பாடம்)

வேலூரிலிருந்து திருவண்ணாமலைக்குச் செல்லும் சாலையில் கண்ணமங்கலத்தை அடைந்ததும் மேற்கே ஜவ்வாது மலைத்தொடர் கண்ணுக்குப் புலப்படுகிறது. அம்மலையில் சந்தனம் உண்டு. புளியும் நாவலும் கொன்றையும் ஆலும் அத்தியும் உண்டு. இம்மரங்களை அங்கே விதைத்தவர் யார்? வனத்துறையார் சில இடங்களில் கன்றுகள் நட்டது உண்மையே. ஆனால் வனத்துறை என்பதொன்று தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்னரே மலையில் மரங்கள் செழித்திருந்தன. மனிதன் ஏறுவதற்கு அஞ்சும் பாறை இடுக்கிலும் இன்று அரசமரம் தழைத்து நிற்கிறது.

மலை வரை போவானேன்? நம் கிணற்று மேட்டில் நிற்கும் வேம்பை நாம் நட்டோமா? கோயில் மதிலின் வெடிப்பில் ஆலங்கன்று எவ்வாறு வந்தது? எவரும் விதைக்காமல் வரப்போரத்தில் உண்ணிச்செடி முளைப்பது ஏன்? இக்கேள்விகளுக்கு விடை காண்பதே இம்மாதப் பாடத்தின் நோக்கம். உழவர்க்கு இது தொழிற் கல்வி. நெசவாளராகிய அங்கத்தினர்கள் இதில் நமக்கென்ன என்று கருதிவிட வேண்டாம். துணிக்கும் விதைக்கும் உள்ள தொடர்பு பழமையானது என்பதை இக்கட்டுரையின் இடையில் காண்போம்.

1. விதை ஏன் ஊரை விட்டுப் போக வேண்டும்?

விலங்கு தன் குட்டியைப் பெற்றபின் அக்குட்டி தானே நடந்து வேறிடம் செல்கிறது. மரத்திற்கு அந்த வசதி இல்லை. அது நின்ற இடத்திலேயே நிற்கிறது. அதன் விதைகளெல்லாம் அதன் அடியிலேயே விழுந்தால் என்ன நேரும்? தாய் மரத்தின் நிழலில் கன்றுகளுக்கு வெயில் கிட்டாது. ஒரே இடத்தில் நெருங்கி முளைத்த கன்றுகள் நீருக்கும் உரத்திற்கும் ஒன்றோடொன்று போராடும். தாய் மரத்தை அண்டி வாழும் பூச்சியும் பூசணமும் அடியிலிருக்கும் இளங்கன்றுகளை முதலில் தாக்கும். எனவே விதை தாயை விட்டு விலகிச் செல்வது அதன் பிழைப்புக்கே தேவையாகிறது.

சில விதைகளைக் காற்று கொண்டுசெல்கிறது. எருக்கின் விதை பஞ்சுக் குடை பிடித்துப் பறக்கிறது. தென்னையின் காய் நீரில் மிதந்து செல்கிறது. சில காய்கள் வெடித்து விதையைத் தெறிக்கின்றன. ஆயினும் கனமான விதையை மேட்டு நிலத்தில் ஏற்றி நெடுந்தூரம் கொண்டுசெல்லக் காற்றாலும் நீராலும் எளிதில் இயலாது. அந்த வேலையைப் பெரும்பாலும் பறவைகளும் விலங்குகளும் செய்கின்றன.

2. கூலி கொடுத்து அனுப்பும் விதைகள்

பழத்தின் சதையை மரம் கொடுக்கும் கூலி என்று கூறலாம். விதை முற்றும்வரை காய் பச்சையாகவும் துவர்ப்பாகவும் இருக்கிறது. விதை முற்றியவுடன் நிறம் மாறுகிறது, சதை இனிக்கிறது. சுமை ஆயத்தமாகிவிட்டது என்பதற்கு அதுவே அறிவிப்பு. கூலிக்கு வேலை செய்யும் நமக்கு இந்த ஏற்பாடு விளங்காமற் போகாது.

ஆனி ஆடி மாதங்களில் வேப்பம்பழம் பழுக்கிறது. காகமும் மைனாவும் கொண்டைக்குருவியும் அதை உண்கின்றன. இரவில் பழந்தின்னி வௌவால்கள் பழத்தைக் கவ்விச் சென்று, வேறொரு மரத்தில் தொங்கியபடி சதையைத் தின்று கொட்டையை உதிர்க்கின்றன. இலுப்பையின் விதையும் இவ்வாறே வௌவாலால் பரவுகிறது. காலையில் நம் வீட்டு முற்றத்து மரத்தடியில் வேற்று மரத்தின் கொட்டைகள் கிடப்பதைக் கண்டு வியப்பவர்கள், இரவில் வந்து போன பிரயாணியை எண்ணிக்கொள்ள வேண்டும்.

ஆலம்பழத்தினுள் மணலைப் போன்ற நுண்ணிய விதைகள் நிறைந்துள்ளன. குயிலும் குக்குறுவானும் மைனாவும் அப்பழத்தை விழுங்குகின்றன. சதை செரிக்கிறது, விதை செரியாமல் எச்சத்தோடு வெளிப்படுகிறது. பறவை மதில்மேல் அமர்ந்தால் மதிலிலும், பனைமரத்தில் அமர்ந்தால் பனைமட்டையின் இடுக்கிலும் விதை தங்கி முளைக்கிறது. பனையைத் தழுவி ஆல் வளர்ந்து நிற்கும் காட்சியின் காரணம் இதுவே.

கொன்றைக் காய் தானாக வெடிப்பதில்லை. அதனுள் கருமையான இனிய பசையின் நடுவே விதைகள் அடுக்கப்பட்டுள்ளன. குரங்கும் கரடியும் அதை உடைத்துத் தின்று விதையைக் காட்டில் பரப்புகின்றன. நாவலையும் கரடி விரும்பி உண்ணும். நரி இலந்தைப் பழத்தைத் தின்று கொட்டையைக் கழிக்கும். ஆமணக்கு விதையின் முனையில் சிறு முண்டு ஒன்று இருப்பதை யாவரும் பார்த்திருப்போம். அது எறும்புக்குரிய கூலி. எறும்பு விதையை இழுத்துச் சென்று, அம்முண்டை மட்டும் தின்றுவிட்டு விதையை ஒதுக்கிவிடுகிறது.

விலங்கின் வயிற்றில் விதைக்கு வேறு சில நன்மைகளும் உண்டாகின்றன. முளைப்பைத் தடுக்கும் சதை நீங்குகிறது. கெட்டியான மேலோடு சிறிது இளகுகிறது. சாணத்தோடு விழும் விதைக்கு முதல் உரமும் கிடைக்கிறது. சிறு பறவையின் வயிற்றில் விதை ஒரு மணி நேரத்திற்கு மேல் தங்குவது அரிது. மாட்டின் வயிற்றிலோ சில நாட்கள் தங்கும். அந்த நாட்களில் மாடு எத்தனை ஊர் கடக்கிறதோ அத்தனை தூரம் விதையும் செல்லும்.

கடலையும் இவ்விதைகள் கடக்கின்றன. 1883ஆம் ஆண்டில் ஜாவா, சுமத்ரா தீவுகளுக்கு இடையே கிரகடோவா எரிமலை வெடித்து, எஞ்சிய தீவைச் சாம்பலால் மூடியது. பிற்காலத்தில் அங்கே மீண்டும் காடு தோன்றியபோது அத்தி இனத்து மரங்கள் பல அதில் இடம் பெற்றன. அவற்றின் விதைகளைக் கடல் தாண்டிக் கொணர்ந்தவை பறவைகளும் வௌவால்களுமே.

3. கூலியின்றி ஒட்டிச் செல்பவை

எல்லா விதையும் கூலி கொடுப்பதில்லை. நாயுருவி நம் வேட்டியில் ஒட்டிக்கொள்கிறது. மருளூமத்தையின் முட்காய் ஆட்டின் உரோமத்தில் சிக்குகிறது. நெருஞ்சி முள் மாட்டின் குளம்பிலும் நம் செருப்பிலும் தைத்துப் பிரயாணம் செய்கிறது.

இங்கே நெசவாளர்கள் கவனிக்கத்தக்க செய்திகள் இரண்டு உள்ளன. சுவிட்சர்லாந்து நாட்டுப் பொறியாளர் ஜார்ஜ் தெ மெஸ்திரால் என்பவர் 1941ஆம் ஆண்டில் உலாவிவிட்டுத் திரும்பியபோது, தம் உடையிலும் நாயின் மயிரிலும் முட்காய்கள் ஒட்டியிருக்கக் கண்டார். பூதக்கண்ணாடியின்கீழ் வைத்துப் பார்த்தபோது முள்ளின் நுனி கொக்கிபோல் வளைந்திருந்தது. ஒரு நாடாவில் கொக்கிகளும் மற்றொரு நாடாவில் நூல் வளையங்களும் அமைத்து நெய்தால் இரண்டும் ஒட்டிக்கொள்ளுமே என்று எண்ணினார். நைலான் நூலைக் கொண்டு அவர் வெற்றி பெற்று, 1950களில் காப்புரிமை அடைந்தார். இன்று பிள்ளைகளின் செருப்பிலும் பையிலும் காணும் ‘வெல்க்ரோ’ ஒட்டுநாடா இதுவே. நம் வேட்டியிலிருந்து நாம் சலிப்போடு பறித்தெறியும் காய்க்கும் அந்நாடாவுக்கும் அடிப்படை ஒன்றே.

மற்றொரு செய்தி ஸ்காட்லாந்து நாட்டைச் சேர்ந்தது. அங்கே ட்வீட் ஆற்றுப் பக்கத்தில் காலஷீல்ஸ் என்னும் கம்பளி நெசவு நகரம் உள்ளது. ஆஸ்திரேலியா, தென் ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா முதலிய பகுதிகளிலிருந்து அங்கு ஆட்டு மயிர் வந்திறங்கியது. ஆலையில் மயிரைக் கழுவிய நீர் ஆற்றில் கலந்தது. சில ஆண்டுகளில் ஆற்றங்கரையில் முன்பின் அறியாத செடிகள் முளைக்கலாயின. ஐடா ஹேவர்டு என்னும் பெண்மணி அவற்றைப் பொறுமையாகத் திரட்டினார். அவரும் ட்ரூஸ் என்னும் தாவர அறிஞரும் 1919ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இவ்வாறு வந்த அயல்நாட்டுச் செடியினங்கள் 348 கணக்கிடப்பட்டுள்ளன. எங்கோ மேய்ந்த ஆட்டின் உரோமத்தில் சிக்கிய விதை, தறி நடக்கும் ஊரின் ஆற்றங்கரையில் முளைத்தது! நாம் நெய்யும் பருத்தியின் பஞ்சும் அடிப்படையில் விதையைப் போர்த்த உரோமமே என்பதை இங்கே நினைவு கூர்வது தகும்.

சேற்றிலும் விதை செல்கிறது. டார்வின் என்னும் அறிஞர் ஒரு சிறு குட்டையின் கரையோரத்திலிருந்து மூன்று கரண்டி சேற்றை எடுத்துத் தம் அறையில் மூடி வைத்து, முளைக்கும் செடிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி எண்ணினார். ஆறு மாதத்தில் 537 செடிகள் முளைத்தன. 1859ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட நூலில் இக்கணக்கு உள்ளது. நீரில் இறங்கும் கொக்கும் நாரையும் காலில் ஒட்டிய சேற்றோடு இத்தகைய விதைகளை ஏரிக்கு ஏரி கொண்டுசெல்ல வல்லவை. நாம் ஏரி வண்டலை வண்டியில் ஏற்றி நிலத்தில் கொட்டும்போது உரத்தோடு களை விதையையும் கொண்டுவருகிறோம் என்பதை இதனால் அறியலாம். இதற்காக வண்டலைக் கைவிட வேண்டியதில்லை. வண்டலிட்ட நிலத்தில் முதல் மழைக்கு முளைக்கும் களைகளை உழுது மடக்கிய பிறகு பயிரிடுவது நல்லது.

4. சந்தனமும் முட்புதரும்

ஜவ்வாது மலை சந்தனத்திற்குப் பெயர்பெற்றது. திருப்பத்தூரில் அரசின் சந்தனக் கிடங்கு அமைந்ததற்கும் இம்மலையே முக்கிய காரணம். இம்மரம் பரவும் வகையை அறிவது நமக்கு மிகவும் பயனுடையது.

சந்தனத்தின் பழம் சிறியது. பழுத்தால் கருஞ்சிவப்பாக மாறும். உள்ளே ஒரே கொட்டை. குயில், கொண்டைக்குருவி, மைனா, குக்குறுவான் ஆகிய பறவைகள் அதை விழுங்கிவிட்டுப் பிறகு வேறொரு மரத்திலோ முட்புதரிலோ அமர்ந்து கொட்டையை வெளிப்படுத்துகின்றன. கொட்டை விழும் அந்த இடம் சந்தனத்திற்கு மிகவும் ஏற்றதாக அமைவது வியப்புக்குரியது. சந்தனம் தன் வேரால் மட்டும் முழு உணவைத் தேடிக்கொள்ள இயலாத மரம். பக்கத்துச் செடிகளின் வேரைத் தன் வேரால் பற்றி, அவற்றிடமிருந்து நீரும் உப்புச் சத்தும் பெறுகிறது. துணைச்செடி இல்லாத வெறுந்தரையில் விழுந்தால் கன்று நலிந்துவிடும். புதரடியில் விழுந்த விதைக்கோ துணைச்செடி அருகிலேயே உண்டு; இளமையில் வேண்டிய நிழலும் உண்டு; ஆட்டின் வாய்க்கு எட்டாதபடி முள்வேலியும் உண்டு. நாற்றங்காலில் சந்தனக் கன்றின் அருகே துவரை விதைக்கும் முறையும் இக்கருத்தைத் தழுவியதே.

எனவே வரப்போரத்துப் புதர்களை அடியோடு எரித்து, பறவைகள் அமர மரமும் இல்லாமற் செய்துவிட்டால் சந்தனம் வருவதற்கு வழியில்லை. பறவைகளைக் கண்ணி வைத்துப் பிடிப்பது, 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அதனினும், கூலியின்றி நமக்கு மரம் நடுபவரைக் கொல்லும் செயல். நம் பட்டா நிலத்தில் சந்தனம் தானே முளைத்திருந்தால் அதைப் பேணி வளர்க்கலாம். வெட்டுவதற்கு முன் வனத்துறையாரின் அனுமதியைப் பெறுதல் வேண்டும்.

5. வேண்டாத விருந்தினர்

சந்தனத்தைக் கொணரும் அதே கொண்டைக்குருவி உண்ணிச்செடியையும் கொணர்கிறது. வெப்பமண்டல அமெரிக்காவைச் சேர்ந்த இச்செடி, பூவின் அழகுக்காக 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தாவுக்குக் கொண்டுவரப்பட்டது. தோட்டத்தில் வைத்ததைப் பறவைகள் நாடெங்கும் பரப்பிவிட்டன. இன்று நம் மலைக்காடுகளில் புல்லையும் இளமரக் கன்றுகளையும் அமுக்கி அது அடர்ந்து நிற்கிறது.

மாந்தோப்பு உடையவர்கள் புல்லுருவியை அறிவார்கள். பூக்கொத்தி என்னும் சிறு குருவி அதன் பழத்தை உண்கிறது. விதை பசையுடையதாதலால் குருவி அதைக் கிளையில் தேய்த்து விடுகிறது. விதை அங்கேயே வேரூன்றி மாமரத்தின் சாற்றை உறிஞ்சுகிறது. பழம் விடுவதற்கு முன்பே புல்லுருவி பற்றிய கிளைப் பகுதியை வெட்டி நீக்காவிட்டால், ஒரு மரத்தின் நோய் தோப்பின் நோயாகிவிடும்.

இவை யாவற்றினும் நமக்கு நேரடியான கேடு விளைப்பது சீமைக் கருவேலம். இதுவும் அமெரிக்கப் பகுதியிலிருந்து 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் நம் நாட்டிற்கு வந்தது. விறகுக்கும் வேலிக்கும் உதவும் என்று வரவேற்கப்பட்டது. அவ்வாறே உதவியும் வருகிறது. விறகு விற்றும் கரிமூட்டம் போட்டும் பிழைக்கும் ஏழைக் குடும்பங்கள் பல உள்ளன என்பதை நாம் மறுக்கலாகாது. ஆனால் அது விறகுக்காடு என்ற அளவில் நிற்கவில்லை. ஏரி உள்வாயிலும் வாய்க்காலிலும் தரிசு நிலத்திலும் புகுந்து விட்டது. 2022ஆம் ஆண்டில் தமிழக அரசு அயல்நாட்டு ஆக்கிரமிப்புச் செடிகளை அகற்றுவதற்கெனத் தனிக் கொள்கையையே வகுக்க நேர்ந்தது.

இதைப் பரப்புவது யார்? நம் ஆடுமாடுகளே. இதன் காய் சர்க்கரைச் சத்து நிறைந்தது. கோடையில் புல் காய்ந்தபின் கால்நடைகள் அதை ஆவலோடு தின்கின்றன. விதை கடினமான ஓட்டினுள் உள்ளது. ஆடு நன்கு மெல்வதால் அதன் வயிற்றில் ஒரு பகுதி விதை அழிகிறது. மாட்டின் வயிற்றிலோ பெரும்பகுதி உயிரோடு வெளிவருகிறது. உரத்திற்காக ஆட்டுக்கிடை வைத்த நிலத்தில் அடுத்த மழைக்குப் பிறகு சீமைக் கருவேலங் கன்றுகள் முளைப்பதைக் கண்டு, இது எங்கிருந்து வந்தது என்று திகைக்கும் உழவர்கள் உண்டு. கிடைக்குக் கொடுத்த கூலியில் அதுவும் அடங்கி வந்தது.

அயல்நாட்டிலிருந்து வந்தவை யாவும் தீயவை என்று இதனால் முடிவு கட்டிவிடலாகாது. நம் உணவில் நீங்காத புளியமரத்தின் தாயகம் ஆப்பிரிக்கா என்பர் அறிஞர். வந்த செடி மற்றவற்றை வாழவிடுகிறதா, அதன் பெருக்கம் நம் கைக்குள் அடங்கியிருக்கிறதா என்பதையே நாம் பார்க்க வேண்டும்.

6. நாம் செய்யத்தக்கவை

ஒருவர் தம் இரண்டு ஏக்கரில் சீமைக் கருவேலத்தை வேரோடு அகற்றுகிறார். அடுத்த நிலத்தில் அது காய்த்து நிற்கிறது. அங்கு மேய்ந்த மாடு இவர் வரப்பில் சாணமிடுகிறது. இவர் செய்த செலவு இரண்டு மழையில் வீணாகிறது. மாட்டுக்கும் பறவைக்கும் சர்வே எண் தெரியாது. ஆகவே இது தனியொருவர் முயற்சியால் தீரும் காரியமன்று. ஊர் கூடிச் செய்யத்தக்கது, கூட்டுறவுக்கு உரியது. நம் சங்கங்கள் பின்வருவனவற்றை ஆலோசிக்கலாம்.

(அ) சீமைக் கருவேலங் காயை முழுதாகக் கால்நடைகளுக்குக் கொடுக்கலாகாது. காயைப் பொறுக்கி, உலர்த்தி, விதை நொறுங்கும்படி அரைத்து, மற்றத் தீவனத்தோடு அளவாகக் கலந்து கொடுத்தால் தீவனமும் ஆகும், பரவலும் குறையும். அரைவை வேலையைச் சங்கத்தின் மூலம் பொதுவாக நடத்தினால் செலவு குறையும்.

(ஆ) சீமைக் கருவேலம் மிகுந்த இடத்தில் மேய்ந்த மந்தையை நேரே விளைநிலத்தில் கிடை வைக்கலாகாது. சில நாட்கள் வேறிடத்தில் அடைத்து, வேறு தீவனம் கொடுத்து, வயிறு கழிந்தபின் நிலத்தில் விடுவது நன்று. சந்தையில் வாங்கி வந்த மாட்டுக்கும் இதே விதி.

(இ) எருவைப் பச்சையாக நிலத்தில் இடாமல் குவித்து, நீர் தெளித்து, புரட்டி மட்க வைக்க வேண்டும். நன்கு சூடேறிய குவியலில் பெரும்பாலான களை விதைகள் மாய்ந்துவிடும். கடின ஓடுடைய சில தப்பக்கூடும். அவை முளைக்கும் பருவத்திலேயே பிடுங்க வேண்டும்.

(ஈ) சீமைக் கருவேலத்தைத் தரைமட்டத்தில் வெட்டினால் மீண்டும் தழைக்கும். வேரோடு தோண்ட வேண்டும். காய்ப்பதற்கு முன் செய்தல் சிறப்பு. மண்ணில் தங்கிய விதைகள் பல ஆண்டுகள் உயிரோடிருக்குமாதலால், அகற்றிய இடத்தை ஆண்டுதோறும் பார்வையிட வேண்டும். அங்கே வேம்பு, புங்கம், நாவல் முதலிய நம் மரங்களை உடனே நடவேண்டும். வெறுமையாக விட்ட இடத்திற்கு மீண்டும் அதே விருந்தினரே வரும். வேப்ப விதை சில வாரங்களிலேயே முளைப்புத் திறனை இழப்பதால் புதிய விதையையே பயன்படுத்த வேண்டும்.

(உ) கிணற்று மேட்டிலும் வரப்பிலும் ஆல், அத்தி, நாவல் போன்ற பழமரம் ஒன்றேனும் நிற்கட்டும். பறவைகள் அங்கு வந்து அமரும். அவற்றின் எச்சத்தில் முளைப்பவற்றுள் நல்லதைக் காத்து, தீயதைக் களைவதே நம் வேலை.

மலையில் கரடியும் குரங்கும் குயிலும் வௌவாலும் இல்லாமற் போனால் பெரிய மரங்கள் சில காலம் நிற்கும். ஆனால் அவற்றின் இடத்தை நிரப்பப் புதிய கன்றுகள் பரவி வருவது குறையும். மலைக்காடு மெலிந்தால் மழைநீர் தங்காது ஓடிவிடும். ஜவ்வாது மலையில் பிறந்து கண்ணமங்கலத்தின் பக்கம் வரும் நாகநதியையும் அதையொட்டிய கிணறுகளையும் நம்பியே உழவரின் வயல்களும், நூலுக்குச் சாயமிடும் தொட்டிகளும் இருக்கின்றன. காட்டை விதைக்கும் உயிர்களைக் காப்பது நம் இரு தொழில்களுக்கும் பொதுவான கடமை என்று உணர்வோமாக.

படிப்பு வட்டத்தில் விவாதிக்க வேண்டிய வினாக்கள்

1. உங்கள் வரப்பில் எவரும் நடாமல் முளைத்த செடிகள் எவை? ஒவ்வொன்றையும் கொணர்ந்தது காற்றா, பறவையா, கால்நடையா?

2. உங்கள் ஊர் ஏரி உள்வாயில் சீமைக் கருவேலம் எவ்வளவு பரவியுள்ளது? அதை அகற்றினால் விறகை நம்பியவர்களுக்கு என்ன மாற்று ஏற்பாடு செய்யலாம்?

3. கிடை வைப்பதற்கு முன் மந்தை எங்கே மேய்ந்தது என்று கேட்கும் வழக்கம் உங்கள் ஊரில் உண்டா? இல்லையெனில் சங்கத்தின் மூலம் அதை எவ்வாறு ஏற்படுத்தலாம்?

4. நெசவாளர் குடும்பங்கள் வளர்க்கும் ஆடுகளும் மாடுகளும் எங்கே மேய்கின்றன? இதில் உழவரும் நெசவாளரும் செய்துகொள்ளத்தக்க பொது ஏற்பாடு யாது?